ஆளில்லாத ஊரின் கருப்பட்டி

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அது குறையா நிறையா என்று என் வீட்டுக்காரர் இருபது வருடமாக முடிவு செய்யாமல் இருக்கிறார். அன்றைக்குக் கோபத்தைக் கிளப்பிவிட்டது ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பி.

வைகாசி இருபத்திரண்டு. வைகாசியில் புயல் அடிப்பதெல்லாம் எங்கள் பாட்டன் காலத்தில் கேள்விப்படாத சங்கதி. இப்போது இரண்டு வருடத்துக்கு ஒன்று தவறாமல் வருகிறது. வெள்ளக் கட்டுப்பாட்டுக் கூடத்தில் காலை எட்டு மணிக்கே எல்லோரும் கூடிவிட்டோம். என் பெயர் எப்சிபா. அங்கே நான் நிலப்பட வாசிப்பாளர். சம உயரக் கோடுகள் நெருங்கி ஓடினால் செங்குத்துச் சரிவு, விலகி ஓடினால் சமதளம். கோடு மேட்டுப் பக்கமாக மூக்கை நீட்டினால் அங்கே ஓடை இறங்குகிறது. மூடிய வட்டத்துக்கு உள்பக்கம் பல் பல்லாக இருந்தால் அது மேடு அல்ல, பள்ளம். சாலையோரம் வரிசையாகப் புள்ளிகள் இருந்தால் பஸ் வந்தபிறகு வளர்ந்த ஊர். குளத்தைச் சுற்றிக் கும்பலாக இருந்தால் பஸ் வருவதற்கு ஆயிரம் வருடம் முந்திய ஊர். இருபத்தாறு வருடமாக இதைப் படித்துத்தான் சோறு தின்கிறேன்.

ஆனால் முடிவெடுப்பது நாங்கள் இல்லை. நீர்க்காவல் என்கிற இயந்திரம். அணைக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று பார்க்கும், நிலப்படத்தைப் பார்க்கும், எந்தப் பக்கம் ஆள் குறைவோ அந்தப் பக்கத்து மதகைத் திறந்துவிடும். மனிதன் கைக்கு அங்கே வேலையே இல்லை. வேண்டுமென்றேதான் அப்படி வைத்தார்கள். முன்பு ஒரு பெரிய மனிதர் தன் வாழைத் தோட்டத்தைக் காப்பாற்றுவதற்காகக் கரையை வெட்டச் சொல்லி, எதிர்க்கரையில் பதினோரு பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு மாவட்ட ஆட்சியரே நினைத்தாலும் மதகைத் தொட முடியாது. நல்ல சட்டம். நானும் அப்போது கைதட்டினவள்தான்.

அன்று காலை திரையில் வந்த பட்டியலில் முதல் இடம் தேரிப்பள்ளம். வடகால் மதகு மதியம் ஒன்றரை மணிக்குத் திறக்கும். மக்கள்தொகை பூஜ்யம். தேரி என்றால் எங்கள் பக்கத்துச் செம்மணல் குன்றுகள். காற்று குவித்து வைத்தவை. அவற்றின் நடுவே இருக்கும் பெரிய பள்ளத்தில் பனை மட்டும் நிற்கும். தண்ணீரைக் கொட்ட இதைவிட நல்ல இடம் கிடையாது என்றுதான் நானும் தலையாட்டினேன்.

ஒன்பதரைக்குக் கேன்டீன் சுடலி காப்பி கொண்டுவந்தாள். ஒரு மடக்குக் குடித்ததும் கருப்பட்டி புதுசு என்று தெரிந்துவிட்டது. எங்கே வாங்கினாய் என்று கேட்டேன்.

"வாங்கலக்கா. நேத்து காய்ச்சுனது. எங்க மதினி தேரியில இருந்து கொடுத்துவிட்டா."

டம்ளரை மேசையில் வைத்தேன். ஆளில்லாத ஊரிலிருந்து கருப்பட்டி எப்படி வரும்?

சுடலியை உட்காரவைத்துக் கேட்டேன். பங்குனியில் பனையேறிகள் குடும்பத்தோடு தேரிக்குப் போவார்கள். ஆளுக்கு ஒரு விடிலி, அதாவது பதநீர் காய்ச்சுகிற ஓலைக் குடிசை. புருஷன் பனை ஏற, பெண்டாட்டி அடுப்பெரிக்க, பிள்ளைகள் அங்கேயே கிடக்கும். ஆவணி பிறந்தால் கதவைக் கட்டிப்போட்டுவிட்டு ஊர் திரும்புவார்கள். இந்த வருடம் அறுபத்து மூன்று விடிலி என்றாள். எப்படியும் முந்நூறு பேர். மதினிக்குப் போன் போட்டாள், போகவில்லை. தேரியில் டவர் விடிகாலையிலேயே சாய்ந்திருந்தது.

முகுந்தனிடம் போனேன். நீர்க்காவலுக்குப் பொறுப்பான பொறியாளர், சென்னைப் பையன், வயது முப்பத்திரண்டு. யாரிடமும் குரலை உயர்த்தாதவன். நான் உயர்த்தினேன். அவன் பொறுமையாக எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினான். வானத்திலிருந்து பார்த்தால் ஓலைக் கூரையும் பனைக்கடியில் உதிர்ந்த ஓலையும் ஒரே மாதிரிதான் தெரியும். போதாததற்கு, அவரவர் மரங்களுக்கு நடுவில் அவரவர் விடிலி. ஒன்றிலிருந்து கூப்பிட்டால் அடுத்ததற்குக் கேட்காது. அரைக் கிலோமீட்டர் வட்டத்துக்குள் பத்துத் தலையாவது இருந்தால்தான் நீர்க்காவல் அதை ஊர் என்று எடுத்துக்கொள்ளும். சந்தேகம் என்றால் ஆளை அனுப்பி நேரில் பார்க்கச் சொல்லும்.

"அப்ப ஏன் அனுப்பல?" என்றேன்.

"அனுப்பியிருக்கு மேடம். ஒன்பது வருஷம் முன்னாடி. நேர்ல போய்ப் பார்த்து, குடியிருப்பு இல்லைன்னு கையெழுத்து போட்டிருக்காங்க."

அறிக்கையைத் திரையில் கொண்டுவந்தான். கீழே நகர்த்தினான். அந்தக் கையெழுத்தை நான் தினமும் போடுகிறேன்.

கார்த்திகை மாதம் போயிருந்தேன். மழைக்காலத்து வெள்ளத்துக்கான ஏற்பாடு, ஆகையால் மழைக்காலத்தில் பார்க்கச் சொன்னார்கள். கட்டிப்போட்ட குடிசைகள், ஆறிய அடுப்புகள். கைவிடப்பட்டவை என்று எழுதிவிட்டு, அடுத்த மழை பிடிப்பதற்குள் ஜீப்பில் ஏறிவிட்டேன். பனங்காட்டுப் பக்கம் பிறந்து வளர்ந்தவள், கருப்பட்டி எந்த மாதம் காய்ச்சுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை, நான் யோசிக்கவில்லை. இயந்திரம் ஒரு தப்பும் செய்யவில்லை. என்னை நம்பியது, அவ்வளவுதான். அந்த நிமிடத்தில் என்மேல் எனக்கு வந்த அளவு ஆத்திரம் வேறு யார்மேலும் வந்ததில்லை.

திருத்தம் போட முடியுமா என்று கேட்டேன். போடலாம், வானத்திலிருந்து உறுதி செய்ய நாற்பத்தெட்டு மணி நேரம் ஆகும் என்றான். போட்டுவைத்தேன். மீட்புப் படகு? முகுந்தன் கேட்டுப் பார்த்தான். வரைபடத்தில் ஆளில்லாத இடத்துக்குப் படகு ஒதுக்க வழியில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. பிறகு அவனே ஒரு வழி சொன்னான். பள்ளத்துக்குள்ளேயே மேற்கு ஓரத்தில் ஒரு மேடு இருக்கிறதே, பதினெட்டு மீட்டர், எல்லோரும் அதில் ஏறிக்கொண்டால் போதுமே என்றான். படத்தைப் பார்த்தேன். ஆமாம், மூன்று மூடிய கோடுகள். மேற்கே விலகி, கிழக்கே நெருங்கி, காற்று கட்டின மேட்டுக்கே உரிய அமைப்பு. முந்நூறு பேர் தாராளமாக நிற்கலாம்.

"நான் போறேன்," என்றேன்.

"நீங்க ஏன் மேடம்?"

"பின்ன யார் போவா? படத்துலதான் அங்க யாருமே இல்லையே."

பணியாளர் ஒவ்வொருவருக்கும் கொடுத்திருக்கும் டேப்லெட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அது டவரை நம்பாது, நேராகச் செயற்கைக்கோளோடு பேசும். தார்ச்சாலை முடிகிற இடத்தில் ஜீப்பை விட்டுவிட்டு நடந்தேன். மழையும் மணலும் சேர்ந்து முகத்தில் அறைந்தன. முதல் ஓடை முழங்காலுக்கு இருந்தது. தாண்டித் திரும்பிப் பார்த்தால் அது தொடைக்கு ஏறியிருந்தது. வந்த வழியே திரும்பப் போக முடியாது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

சுடலியின் மதினி பூமயிலின் விடிலியைக் கண்டுபிடித்தபோது மணி பன்னிரண்டு. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மழைக்கு முந்தின நாள் இறக்கின பதநீரைப் பாகாக்கிக்கொண்டிருந்தாள், விட்டால் புளித்துப்போகும். அவள் புருஷன் தங்கப்பழம் கூரைக்கு மேல் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, நெஞ்சு முழுக்கப் பனை உரசிக் காய்த்த தழும்பு. தண்ணீர் வரப்போகிறது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. மடியிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். விடிகாலையில் டவர் விழுவதற்கு முன் வந்த அரசுச் செய்தி அதில் இருந்தது: உங்கள் பகுதி பாதுகாப்பானது, வீட்டிலேயே இருங்கள். குடும்ப அட்டையில் இருக்கிற சொந்த ஊருக்கு வந்த செய்தி அது. இருபது கிலோமீட்டர் தள்ளி, பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு.

விஷயத்தை விளக்கினதும் அவர் முகம் மாறியது. நான் டேப்லெட்டைத் திறந்து அந்த மேட்டைக் காட்டினேன்.

"அண்ணாச்சி, இந்த மேடு எங்க இருக்கு? எல்லாரையும் அங்க ஏத்திருவோம்."

அவர் திரையைப் பார்த்தார். பிறகு மேற்கே கைநீட்டினார். பனைகளுக்கு இடையில் மணல் லேசாக வீங்கியிருந்தது, ஆள் உயரம்கூட இல்லை.

"இங்கனதாம்மா இருந்துச்சு. ஆறேழு ஆடிக் காத்து அடிச்சுதுல்லா, கொஞ்சங் கொஞ்சமாக் கிழக்க நடந்து போயிட்டு. இப்பம் ஓடைக்கு அந்தாண்ட கெடக்கு."

உயரத்தை அளக்க விமானம் பறப்பது பத்து வருடத்துக்கு ஒருமுறை. தேரி மணல் அத்தனை நாள் காத்திருக்குமா? அவர் காட்டிய இடத்தில் போய் நின்றேன். படம் பதினெட்டு மீட்டர் என்றது. என் கால் பள்ளத்தின் அடியில் இருந்தது. கோடு போட்டவர்கள் தப்பாகப் போடவில்லை. போட்ட பிறகு குன்றுதான் எழுந்து போய்விட்டது.

மூன்று கிலோமீட்டர் நீள அகலத்துக்குச் சிதறிக் கிடக்கும் அறுபத்து மூன்று குடிசை. கைப்பிள்ளைகள், நடக்க முடியாதவர்கள். ஒரு மணி நேரத்தில் எல்லோரையும் கூட்டி, இடுப்பளவு ஓடையைத் தாண்டுவது நடக்காது. தங்கப்பழம் பக்கத்து விடிலிக்கு ஓடினார். அங்கிருந்து ஒருவர் அடுத்ததற்கு ஓடினார். பிள்ளைகளைப் பனையில் ஏற்றிக் கட்டலாமா என்று யாரோ கேட்டார்கள்.

பூமயில் மட்டும் அடுப்பை விட்டு நகராமல் என்னையே பார்த்தாள். "முந்தி ஒரு அம்மா ஜீப்புல வந்து, பூட்டுன விடிலியெல்லாம் பாத்து எழுதிட்டுப் போனாவளாம். ரோட்டோரம் ஆடு மேச்சவன் சொன்னான். அந்தம்மா என்ன எழுதுனாவளோ."

"அது நான்தான். யாரும் இல்லன்னு எழுதுனேன்."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அகப்பையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "கார்த்திகையில தேரியில எவம் இருப்பான்? ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா," என்றாள்.

பன்னிரண்டே முக்காலுக்கு டேப்லெட் கத்தியது. முகுந்தன். அவன் குரல் உயர்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"மேடம், உடனே வெளிய வாங்க. நீர்க்காவல் மதகைப் பிடிச்சு வச்சிருக்கு. உங்க டேப்லெட் பள்ளத்துக்குள்ள காட்டுது."

எனக்குப் புரியவில்லை. பிடித்து வைத்திருக்கிறது என்றால்?

"பணியாளர் பூட்டு மேடம். முன்னாடி ஒருத்தர் கால்வாய் தூர் வாரிட்டிருக்கும்போது மதகு திறந்து இறந்துட்டார். அதுக்கப்புறம் போட்டது. நம்ம ஆள் உள்ள இருந்தா அந்தப் பக்கம் திறக்காது. ஒன்றரை வரைக்கும் உங்களுக்காகக் காத்திருக்கும். வரலைன்னா அடுத்த வழிக்குப் போயிடும்."

சுற்றிலும் மனிதர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். இந்த முந்நூறு பேரை அதற்குத் தெரியவில்லை. என் தோளில் தொங்குகிற பெட்டி தெரிகிறது. இதற்குச் சிரிப்பதா அழுவதா?

"அடுத்த வழி எது?" என்றேன்.

அவன் தயங்கினான். "தென்கால். சாலைநகர் வழியா போகும். நூற்றுப்பத்து வீடு. மேடம், அதுல உங்க வீடும் இருக்கு."

என் வீடு. நாங்கள் கட்டி நாலு வருடம்கூட ஆகவில்லை. வீட்டுக்காரர் அந்நேரம் சாப்பிட உட்கார்ந்திருப்பார்.

"அங்க சைரன் இருக்குல்லா?" என்றேன்.

"இருக்கு மேடம்."

"படகு?"

"கேட்டா உடனே வரும். அது படத்துல இருக்கிற ஊர்."

"அப்பம் ஊது. இப்பவே ஊது, எல்லாரையும் மாடிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஏத்து. இங்க அந்த மேடே இல்ல. நான் இங்கருந்து வரல."

அவன் சட்டத்தைச் சொன்னான், வேலை போகும் என்றான். போனால் போகிறது என்றேன். கோபத்தில் சொல்லவில்லை. அன்று முழுவதும் நான் கோபமில்லாமல் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

பூமயில் விடிலி வாசலில் ஒரு கட்டையைப் போட்டாள். உட்கார்ந்துகொண்டேன். டேப்லெட் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இனிமையான குரலில், பணியாளரே, தயவுசெய்து வெளியேறுங்கள் என்றது. ஓடினவர்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். என்ன நடக்கிறது என்று தங்கப்பழம்தான் அவர்களுக்குச் சொன்னார். ஒரு கிழவர் என் தோளைப் பார்த்து, இந்தப் பெட்டிக்கு இருக்கிற மரியாதை நமக்கில்லையே என்றார்.

ஒன்று இருபத்தைந்து. பயமாக இருந்தது, மறைப்பானேன். இயந்திரம் ஒரு உயிரையும் நூற்றுப்பத்து வீட்டையும் தராசில் வைத்து, இந்த ஒருத்தி போகட்டும் என்று முடிவு செய்தால்? அப்படிச் செய்யாது என்று முகுந்தன் சொன்ன சட்டத்தைத்தான் நம்பி உட்கார்ந்திருந்தேன். பூமயில் என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

ஒன்றரை. டேப்லெட் சொன்னது: "வழி மாற்றப்பட்டது. தென்கால் மதகு திறக்கிறது. பணியாளரே, பாதுகாப்பாக இருங்கள்."

ஒரு பெண் பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டாள். பூமயில் உள்ளே போய், அடிப்பிடித்துப் போன பாகைத் தேங்காய்ச் சிரட்டையில் வழித்துக்கொண்டு வந்து என் கையில் வைத்தாள். நான் சாப்பிட்டேன். தீய்ந்து கசந்தது.

சாலைநகரில் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் இடுப்பளவு சேற்றுத் தண்ணீர் இரண்டு நாள் நின்றது. என் வீட்டில் கீழ்த்தளத்தில் ஒரு பொருள் தப்பவில்லை. எதிர்வீட்டுச் சுகிர்தா டீச்சர் தையல் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவள். அவளுடைய ஆறு மெஷினும் போயிற்று. என் வாசலில் வந்து நின்று, ஒனக்கு அங்க என்னடி சொந்தம் என்று கேட்டாள். உங்களுக்குச் சைரன் ஊதினார்கள் டீச்சர், அவர்களுக்கு ஊத ஆளில்லை என்றேன். அது சரியான பதில்தான். ஆனாலும் அவள் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை, அது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. வீட்டுக்காரர் மட்டும் சேற்றை வாளியில் அள்ளிக்கொண்டே, கோபம் நிறைதான் என்று ஒருவழியாக முடிவு சொன்னார்.

விசாரணை நடந்தது. பணியாளர் பூட்டைத் தவறாகப் பயன்படுத்தியது குற்றம். தேரியில் குடியிருப்பு இருப்பதாக நான் போட்ட திருத்தம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். வானத்திலிருந்து உறுதி செய்ய முடியவில்லை. ஓலை மட்டுமே தெரிகிறது என்று நிராகரிப்பு வந்திருந்தது. கூரைக்குத் தகரம் போடச் சொல்லுங்கள் என்று அதிகாரி ஒருவர் யோசனை சொன்னார். தகரத்துக்கடியில் வைகாசி வெயிலில் அடுப்பெரித்துப் பாருங்கள் ஐயா என்றேன். மூன்று மாதம் பணியிடை நீக்கம். டேப்லெட்டை ஒப்படைக்கச் சொன்னார்கள்.

தேரியிலேயே விட்டுவிட்டேன், எந்த மரத்தடி என்று ஞாபகமில்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

பொய். எந்த மரம் என்று நன்றாகத் தெரியும். பூமயில் விடிலிக்கு வடக்கே, பாளை விடாத ஒரு கிழட்டுப் பனை. அதில் ஆள் உயரத்துக்கு மேல், ஓலையில் முடைந்த கொட்டானுக்குள், உள்ளங்கையளவு சூரிய மின்தகட்டோடு தங்கப்பழம் கட்டி வைத்திருக்கிறார். அன்றிலிருந்து நீர்க்காவலின் படத்தில் தேரிப்பள்ளத்தில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கிறது. மக்கள்தொகை ஒன்று.

அதை மீட்டுவர முகுந்தனை அனுப்பினார்கள். அவன் நியாயஸ்தன், சட்டத்தை மீறாதவன். கட்டாயம் கொண்டுவந்துவிடுவான் என்று எனக்குக் கவலையாக இருந்தது. ஒரு பகல் முழுவதும் தேரியில் சுற்றினானாம். மாலையில் என் வீட்டுக்கு வந்தான். காலெல்லாம் செம்மணல், கையில் ஒரு கொட்டான் கருப்பட்டி. தேடினேன் மேடம், கிடைக்கவில்லை என்றான். காப்பி குடித்துவிட்டுப் போனான்.

மறுநாள் சுடலி கூடத்திலிருந்து போன் செய்தாள். முகுந்தன் சார் தன்னுடைய டேப்லெட்டையும் தொலைத்துவிட்டாராம், அதிகாரி சத்தம் போடுகிறாராம். எனக்குச் சட்டென்று ஏதோ தோன்றியது. பெரிய திரையில் தேரிப்பள்ளத்தைப் பார்த்துச் சொல் என்றேன். அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"மக்கள்தொகை ரெண்டுன்னு போட்டிருக்குக்கா."

கூடத்தில் இன்னும் பதினான்கு பேர் கையில் டேப்லெட் இருக்கிறது. பத்துத் தலை சேர்ந்தால் ஊர். இன்னும் எட்டுப் போதும்.